மூலையில் குத்தாத முத்திரை

இடுப்பு நிமிர மாட்டேன் என்றது. ராணியம்மாள் சுவரைப் பிடித்து எழுந்து, பாதி நிமிர்ந்ததே போதும் என்று அந்த வளைவோடு வாசலுக்கு வந்தாள். ஆவணிக் கடைசியில் குனிந்தவள். இப்போது புரட்டாசி பாதி ஓடிவிட்டது. ஊரார் நிலத்தில் நட்டு நட்டு, குனிவது சுலபமாகி, நிமிர்வதுதான் வேலையாகிப்போனது. கால்விரல் இடுக்குகளில் சேற்றுப்புண் வெளுத்து வெடித்திருந்தது. வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்து ஒவ்வொரு இடுக்காகத் தடவினாள். எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த விரலுக்குப் போனாள்.

பெருநகர்ச் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஏரிக்கரையோடு உள்ளே நடந்தால் வரும் ஊர் அது. ஏரிக்குக் கீழே உள்ள நிலமெல்லாம் அவளுடைய நடவுக் கூட்டத்தின் கைபட்டுப் பச்சையாகியிருந்தது. அவளுடைய முப்பது சென்ட் மட்டும் நடுவில் மொட்டையாகக் கிடந்தது. நாற்றங்காலில் நாற்று முழங்கால் உயரம் வளர்ந்து நுனி பழுக்க ஆரம்பித்துவிட்டது. இன்னும் ஒரு வாரம் தாண்டினால் முத்திப்போகும். முத்திய நாற்றை நட்டால் தூர் கட்டாது. வீட்டில் ஒரு வருஷத்துச் சோறு அந்த நாற்றங்காலில்தான் நின்றுகொண்டிருந்தது.

ஆடியில் ஒரு புழுதி ஓட்டு ஓட்டியதோடு சரி. இனித் தண்ணீர் கட்டி, மண் சேறாகக் குழையச் சேடை ஓட்ட வேண்டும். ஊரில் சேற்றுச் சக்கரம் போட்ட டிராக்டர் ஒன்றே ஒன்று. ஊர்ப் பெரிய மனுஷர் ஏகாம்பரத்தின் மகன் ஜெகனுடையது. வெளியூர் டிராக்டர்கள் அந்தந்த ஊர்ச் சேற்றில் முழுகிக் கிடக்கும் பருவம். ஜெகன் வேறு இந்தத் தடவை ஊராட்சித் தலைவர் தேர்தலுக்கு நிற்கிறான். பூட்டு சாவிச் சின்னம்.

அவள் புருஷன் கன்னியப்பன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மதகிலிருந்து திரும்பி வந்தார். ஏரிக்கு அவர்தான் நீர்க்கட்டி. எந்த நிலத்துக்கு எப்போது முறை என்பதை மனசிலேயே வைத்திருப்பவர். அறுவடை முடிந்ததும் ஒவ்வொரு களத்திலும் அவருக்கென்று நெல் அளப்பார்கள்.

"இன்னாய்யா, டிராக்டரு கேட்டியா?"

"கேட்டேன். எலெக்சன் முடிஞ்ச மறுநாளே அனுப்பறேன்னு சொல்லிட்டான்."

"சும்மாவா சொன்னான்?"

கன்னியப்பன் மண்வெட்டியைக் கழுவ ஆரம்பித்தார். ஏற்கெனவே கழுவியிருந்த மண்வெட்டி அது.

"உன்னத்தான் கேக்கறேன்."

"நேத்து சாயங்காலம் செல்லியம்மன் கோயிலாண்ட கூப்ட்டாங்க. எல்லாரும் கற்பூரம் அணைச்சி சத்தியம் பண்ணாங்க. நானும் அணைச்சிட்டேன்."

"உன் ஓட்டுக்கா?"

"வூட்டுக்கு. நாலு ஓட்டுன்னான். ஆமான்னேன்."

ராணியம்மாள் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "நம்ம புள்ள மோகனுக்கு ஒரகடத்துல கம்பெனிக்காரன் லீவு குடுக்கல. வரமாட்டேன்னு போன் பண்ணிட்டான். அவன் ஓட்டையும் சேத்தா அணைச்ச?"

"எண்ணும்போது சேத்துத்தான எண்ணினாங்க."

"உன் மருமவ திவ்யா ஓட்டு?"

"அதுவும்."

"என் ஓட்டுக்கு யாருய்யா உன்ன அணைக்கச் சொன்னது? ஆத்தா உன்ன ஒரு வார்த்தை கேக்கலியா, அவ எங்கடான்னு?"

"நாத்து முத்துது ராணி."

நாற்று முத்துவது உண்மைதான். அதை ஜெகன் அறிந்திருப்பதும் உண்மை. கூழைக் கரைத்து அவருக்கு ஒரு சொம்பு வைத்துவிட்டு, தனக்கு ஒரு சொம்பை நின்றபடியே குடித்தாள். பச்சை மிளகாயைக் கடித்தபோது காரம் தெரியவில்லை.

அன்றைக்கு வீராசாமியின் கழனியில் நடவு. ராணியம்மாள்தான் ஆள் சேர்ப்பாள், அவளோடு எட்டுப் பேர். ஊரார் நிலத்தில் கூலிக்கு நடுவார்கள். கூட்டத்தில் யாருக்காவது கையகலம் நிலம் இருந்தால் அதில் மாத்தாள்தான்: இன்று நான் உனக்கு ஒரு நாள், இன்னொரு நாள் நீ எனக்கு. கூலி கிடையாது. ஆனால் அந்த ஒரு நாளைத் திருப்பாதவள் குழாயடியில் தலை நிமிர முடியாது.

வெயில் ஏறுவதற்குள் வரப்பில் ஒரு பைக் வந்து நின்றது. ஜெகனுக்காக ஓடுகிற ராஜாராம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, காலில் புதுச் செருப்பு. கையில் எவர்சில்வர் தட்டு. தட்டில் வெற்றிலை, மஞ்சள், கற்பூரப் பொட்டலம், அதோடு குட்டிக்குட்டிப் பிளாஸ்டிக் கவர்கள். ஒவ்வொரு கவரிலும் ஒரு மூக்குத்தி.

"ராணிக்கா, உன் ஆளுங்கள கொஞ்சம் மேல ஏறச் சொல்லு."

"இன்னாத்துக்கு தம்பி?"

"இன்னாத்துக்குன்னு கேக்கற பாரு. ஒரு நிமிசம். கற்பூரத்த அணைச்சிட்டு மூக்குத்திய வாங்கிக்கினு எறங்கிடுங்க."

ராணியம்மாள் நிமிரவில்லை. நாற்றுமுடியைப் பிரித்து நான்கு நான்காகக் குத்திக்கொண்டே பேசினாள். "சேத்துக் கையோட ஆத்தா தட்டத் தொடலாமா? பாவம் உனுக்குத்தான் வரும்."

"கய்வினு வாங்களேன்."

"கய்வினா திரும்ப எறங்கணும். வீராசாமி நைனா கூலியில புடிச்சிக்குவாரு. நீ எறங்கி வாயேன், தட்ட ஏந்திக்கினு. சேறு இன்னா கடிக்கவா போவுது?"

கோவிந்தம்மாள் குரல் கொடுத்தாள். கூட்டத்தில் வாய் நீண்டவள். "வுடுக்கா, அந்த வேட்டிய துவைக்கிறது அவன் பொண்டாட்டி. பாவம்."

"செருப்ப வேணா கயட்டிக்கச் சொல்லு. நாத்து முடிய அவுத்துப் போடட்டும், கையோட ஒரு ஆள் மிச்சம்" என்றாள் ராணியம்மாள்.

எட்டு முதுகுகளும் சிரிப்பில் குலுங்கின. ராஜாராமுக்குக் கோபம் வந்தாலும் காட்ட முடியாது. தேர்தல் முடிகிற வரையில் அவன் எல்லாருக்கும் தம்பி. பனைமரத்து நிழல் ஒரு சாண் இருந்த இடத்தில் தட்டோடு உட்கார்ந்தான். நிழல் நகர நகர அவனும் நகர்ந்தான்.

கஞ்சிக்குக் கரையேறும் நேரம் வந்தது. வாய்க்காலில் கை கால் கழுவியவர்கள் ஒவ்வொருவராகத் தட்டின் பக்கம் போனார்கள். அதை ராணியம்மாள் தடுக்கவில்லை. தடுக்க அவள் யார்? முதலில் போனது ஆண்டாளம்மாள். கூட்டத்தில் மூத்தவள், புருஷன் இல்லை, நிலம் இல்லை, ஓட்டைக் கூரை ஒன்றுதான் உண்டு. எரிகிற கற்பூரத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அணைத்து, "ஆத்தா சாட்சியா பூட்டு சாவிக்குத்தான்" என்றாள். மூக்குத்தியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"இன்னொண்ணும் கேட்டுக்கங்க" என்றான் ராஜாராம். "ரோஸ் கலர் சீட்டுதான் தலைவருது. அதுல பூட்டு சாவி மேல நடுவுல குத்தக் கூடாது. எடது பக்கம், கீய் மூலை. உங்க கூட்டத்துக்கு அந்த மூலை. வடக்குத் தெருவுக்கு மேல் மூலை. செங்கல் சூளை ஆளுங்களுக்கு வேற எடம்."

கோவிந்தம்மாள் கேட்டாள்: "எங்க குத்துனா இன்னா, ஓட்டு ஓட்டுதான?"

"எண்ற எடத்துல நம்ம ஏஜென்ட் நிப்பான்ல. கீய் மூலையில எட்டு குத்து தெரியணும். கொறைஞ்சா ராணிக்கா கூட்டத்துல யாரோ ஏமாத்திட்டாங்கன்னு அர்த்தம்."

திவ்யா மெதுவாகக் கேட்டாள். ராணியம்மாளின் மருமகள், பிளஸ் டூ முடித்தவள், மாமியாரோடுதான் நடவுக்கு வருவாள். "யார் யாருக்குப் போட்டாங்கன்னு யாருக்குமே தெரியாதுன்னு சொல்றாங்களே அண்ணா."

"பேரு தெரியாதும்மா. கணக்கு தெரியும்."

இதையெல்லாம் ராணியம்மாள் கழனிக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கரையேறவே இல்லை. தனியாக ஒரு வரிசை நட்டு முடித்து அடுத்ததைப் பிடித்திருந்தாள். அவள் மூக்கில் ஒரு வேப்பங்குச்சித் துண்டு இருந்தது. மோகனைப் பாலிடெக்னிக்கில் சேர்த்தபோது அடகுக்குப் போன மூக்குத்தி திரும்பவில்லை. துளை தூர்ந்துவிடக் கூடாதே என்று குச்சியைச் செருகி வைத்திருக்கிறாள்.

"அக்கா, நீ வரல?" ராஜாராம் கேட்டான்.

"எனுக்குக் கையில வேலை கீது."

"மாமா ஏற்கெனவே உனுக்கும் சேத்து அணைச்சிட்டாரு. மூக்குத்தி வாங்கிக்கறதுதான் பாக்கி."

"அவரு அணைச்சா அவருக்கு மூக்கு குத்தி மாட்டி அனுப்பு."

வரப்பில் மறுபடி சிரிப்பு. இந்தத் தடவை ராஜாராம் சிரிக்கவில்லை. பைக்கை உதைத்தான்.

கஞ்சிக் கலயத்தைச் சுற்றி உட்கார்ந்தபோது பேச்சு வேறு திசைக்குப் போகவில்லை. புரட்டாசி மாசம் என்பதால் ஊறுகாயும் பச்சை மிளகாயும்தான் கடித்துக்கொள்ள.

"புரட்டாசியில எலெக்சன் வெச்சி ஜெகனுக்கு பிரியாணி செலவ மிச்சம் பண்ணிட்டாங்க" என்றாள் கோவிந்தம்மாள். "வெறும் தக்காளிச் சோத்தப் போட்டு கோஷம் போடச் சொல்றான். தக்காளிச் சோத்துக்கு எவ்ளோ சத்தம் வருமோ அவ்ளோதான் போட்டேன்."

"மூக்குத்திய பாத்தியா, கவரிங்கா இருக்கப் போவுது."

"அதெல்லாம் இல்ல. வடக்குத் தெருவுல ஒருத்தி உத்திரமேரூர்ல கடையில உரசிப் பாத்துட்டா. தங்கந்தான்."

ஒரு நிமிஷம் எல்லாரும் முந்தானை முடிச்சைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். கோவிந்தம்மாள் ராணியம்மாளின் பக்கம் நகர்ந்தாள்.

"யக்கா, நான் சொல்றத கேளு. நானும் அணைச்சேன். ஆனா உள்ள போய் எவளுக்குக் குத்தறனோ எனுக்குத் தெரியும். கீய் மூலையில ஒண்ணு கொறைஞ்சா எட்டுப் பேர்ல யாருன்னு கண்டுபுடிப்பான்? வாங்கிக்கினு மாத்திப் போடு. ஊரு ஒலகமே அதத்தான் பண்ணுது."

"ஆத்தா மேல பொய்யா?"

"ஆத்தாளுக்கும் தெரியும் ஜெகன் யாருன்னு."

"அது இல்ல கோவிந்தம்மா." ராணியம்மாள் கலயத்தை வைத்துவிட்டு விரலை நக்கினாள். "பயந்தவங்ககிட்டதான் ஒருத்தன் கற்பூரத்த நீட்டுவான். நான் பொய்யா அணைச்சாலும் நெசமா அணைச்சாலும், பயந்துதான அணைக்கிறேன்? உள்ள போய் மாத்திக் குத்திட்டு வெளிய வந்து அவன பாத்து சிரிக்கணும். அஞ்சு வருசம் சிரிக்கணும். என்னால ஆவாது."

"அப்போ அந்தக் கல்பனாவுக்கா போடப் போற?" ஆண்டாளம்மாள்தான் கேட்டாள். "போன வருசம் அவள தொடப்பக்கட்டையால அடிப்பேன்னு ரோட்டுல நின்னு கத்தினியே."

கல்பனா நூறு நாள் வேலையில் பொறுப்பாளராக இருந்தவள். ஆள் வந்ததா, போனதா என்று பதிவது அவள் வேலை. இப்போது மூக்குக் கண்ணாடிச் சின்னத்தில் ஜெகனை எதிர்த்து நிற்கிறாள். போன வருஷம் வரத்துக் கால்வாய் தூர்வாரும்போது, ராணியம்மாள் காலையில் பேர் கொடுத்துவிட்டு, மத்தியானம் வேறொருவர் கழனிக்குக் களையெடுக்கப் போய்விட்டாள். ஊரில் எல்லாரும் செய்கிறதுதான். சாயங்காலம் கல்பனா அவளுக்கு ஆப்சென்ட் போட்டுவிட்டாள். ராணியம்மாள் கெஞ்சினாள், திட்டினாள், அவள் அம்மா வரைக்கும் இழுத்தாள். கல்பனா அசையவில்லை. "மத்தியானம் நீ இல்லக்கா" என்ற ஒரே வார்த்தையோடு சரி. ஜெகனுடைய சித்தப்பா வேலைக்கு வராத நாலு பேரை வந்ததாகப் பதியச் சொன்னபோதும் அதே வார்த்தைதான் என்று பிற்பாடு தெரிந்தது. அந்த வாரத்திலேயே அவளைப் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள்.

"இப்பவும் அவள கண்டா எனுக்குப் புடிக்காது" என்றாள் ராணியம்மாள். "திமிரு புடிச்சவ. எதிர்ல வந்தா ஒரு சிரிப்பு கெடையாது. ஓட்டு கேக்க வந்தப்போகூட, 'போடுங்க'ன்னு சொல்லிட்டுப் போய்க்கினே இருக்கறா. ஒரு கும்பிடு இல்ல."

"அப்புறம்?"

"எனுக்காக அவ ஒரு பொய் எழுதல. அவ்ளோதான். எனுக்காக எழுதாதவ இன்னொருத்தனுக்காகவும் எழுதமாட்டா."

"அவ வந்து இன்னா கிய்ப்பான்னு நெனைக்கற?"

"தெரியாது. ஜெகன் இன்னா கிய்ப்பான்னு தெரியும்."

அது எல்லாருக்கும் தெரியும். மூன்று கோடையாக ஏரிக்குள் அவன் லாரி இறங்கியது. வயலுக்குக் கரம்பை மண் அள்ளுகிறோம் என்றார்கள். கரம்பை முடிந்து சவுட்டு மண், அது முடிந்து அதற்கும் கீழே. இப்போது ஏரியில் தண்ணீர் நிற்கிறது. ஆனால் பாதிக்கு மேல் பள்ளத்தில் நிற்கிறது. மதகு மேட்டில் இருக்கிறது. பள்ளம் குடித்தது போக மேலே நிற்கிற தண்ணீர்தான் வெளியே வரும்; அது தீர்ந்தால் ஒரு சொட்டு வராது. நீர்க்கட்டி வீட்டுக்காரிக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கன்னியப்பன் ராத்திரியெல்லாம் அந்தப் பள்ளத்தைத்தான் புலம்புவார். புலம்பிய வாயோடுதான் போய்க் கற்பூரமும் அணைத்திருக்கிறார்.

மறுநாள் நடவுக்குப் போகிற வழியில் ராணியம்மாள் ஜெகன் வீட்டு வாசலில் நின்றாள். வாசலை அடைத்து ஒரு பிளெக்ஸ் தட்டி. 'குடவோலை கண்ட மண்ணின் மைந்தர்' என்ற எழுத்துக்குக் கீழே ஜெகன் கைகூப்பிக்கொண்டிருந்தான். குடவோலைக் கல்வெட்டு இருக்கும் உத்திரமேரூர்க் கோயிலுக்குள் அவன் ஒரு நாள் நுழைந்ததாக யாரும் சொன்னதில்லை.

"வா ராணிம்மா. உக்காரு. டீ குடிக்கறியா?" நிஜ ஜெகனும் கைகூப்பினான்.

"வேணாம் தம்பி, வேலைக்கிப் போணும். ஒண்ணு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். எங்க வூட்டுக்காரரு அணைச்சாரு இல்ல, அது அவரு ஓட்டு. என் ஓட்ட அதுல சேக்காத. நான் உனுக்குப் போடப் போறது இல்ல."

பக்கத்தில் டீ டம்ளரோடு நின்ற ராஜாராம் டம்ளரை இறக்கினான். ஜெகன் சிரித்துக்கொண்டே இருந்தான். அந்தச் சிரிப்பு முகத்திலிருந்து இறங்க வழி தெரியாமல் நின்றது.

"இதச் சொல்லவா வந்த? மனசுல வெச்சிக்கினு போயிருக்கலாமே. யாரு உன்ன கேட்டா?"

"நீதான தம்பி கேட்ட. ஆள் அனுப்பி, தட்டு வெச்சி, மூலை பிரிச்சிக் குடுத்துக் கேட்ட. கேட்டதுக்குப் பதில் சொல்லணும்ல?"

"நான் உனுக்கு இன்னா கொற வெச்சேன் ராணிம்மா? உன் பையன் காலேஜ் சேர எங்கப்பாதான லெட்டர் குடுத்தாரு? உனுக்கு ஆபத்துன்னா ராத்திரில யார் கார் வரும்? கல்பனாகிட்ட கீற ஸ்கூட்டியா?"

அது பொய்யில்லை. கன்னியப்பனைப் பாம்பு தீண்டியபோது செங்கல்பட்டு வரை போனது அவன் கார்தான்.

"நீ பண்ணது எனுக்கு நெனப்பு கீது. உங்க வூட்டுல ஒரு சாவு வாழ்வுன்னா மொத ஆளா வந்து நிப்பேன். அது வேற. இது ஏரி."

"டிராக்டரு?"

"அது உன் டிராக்டரு. உன் இஷ்டம்."

"நாத்து முத்துதுன்னு உன் புருசன் சொன்னாரு."

"ஆமா. முத்துது."

ராணியம்மாள் திரும்பி நடந்தாள். கழனிக்குப் போய்ச் சேருவதற்குள் செய்தி அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது: ராணியம்மாள் நிலத்துக்கு டிராக்டர் இல்லை. ஆளும் போகக் கூடாது.

அன்று சாயங்காலம் கன்னியப்பன் தட்டின் முன் உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குப் போகவில்லை. கடைசியில் கேட்டார்:

"என் சத்தியத்த இன்னா பண்றது?"

"உன்துதான? நீ காப்பாத்து. உன் ஓட்ட அவனுக்கே போடு. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"ஏரிய நோண்டினவனுக்கா போடச் சொல்ற?"

"அணைக்கறதுக்கு முன்ன கேட்டிருக்க வேண்டிய கேள்விய்யா அது."

திவ்யா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஓட்டுப்போடும் நாளில் வானம் மூடிக்கிடந்தது. பள்ளிக்கூடத்து வராந்தாவில் ஆணுக்கு ஒரு வரிசை, பெண்ணுக்கு ஒரு வரிசை. வரிசையில் புது மூக்குத்திகள் மின்னின. கேட்டுக்கு வெளியே, சுண்ணாம்புக் கோட்டுக்கு அப்பால், ராஜாராம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொருத்தியையும் மூக்கைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தான். ராணியம்மாளின் வேப்பங்குச்சியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

விரலில் மை வைத்தார்கள். நாலு கலரில் நாலு சீட்டு கொடுத்தார்கள். அட்டைத் தடுப்புக்குப் பின்னால் போய் நின்றபோது, அந்த இடம் எவ்வளவு சின்னது என்று அவளுக்குத் தோன்றியது. ஒரு ஆள் நிற்கலாம். இரண்டாம் ஆளுக்கு இடமில்லை. புருஷன் இல்லை, டிராக்டர் இல்லை, ராஜாராம் இல்லை. ஆனால் அந்த மூலைக் கணக்குக்காரன் அதற்குள்ளும் ஒரு கையை நுழைத்துவிட்டான். இதே தடுப்புக்குப் பின்னால் கூட்டத்தில் பாதிக்கு மேல் கீழ் மூலையைத் தேடித் தேடிக் குத்தியிருப்பார்கள். சீட்டில் பேர் இல்லாத இடத்தில்கூட ஒருத்தி பேரை எழுதவைக்கிற வித்தை அவனிடம் இருந்தது.

ரோஸ் சீட்டை விரித்தாள். பூட்டு சாவி மேலே, மூக்குக் கண்ணாடி கீழே. அவளுடையது நடவுக் கை. எங்கே வைக்க நினைக்கிறதோ அங்கே வைக்கும். மூக்குக் கண்ணாடியின் நட்டநடுவில், இரண்டு கண்ணாடிக்கும் இடையில், முத்திரையை அழுத்திக் குத்தினாள். மை அந்தப் பக்கம் ஒட்டிக்கொண்டால் செல்லாது போய்விடும். அதனால் ஊதி ஊதிக் காயவைத்தாள். ஏஜென்ட் யாரோ "இன்னாம்மா, ரொம்ப நேரமா உள்ள?" என்று கேட்டான். "காயட்டும், இரு" என்றாள்.

வெளியே வந்தபோது ஆண்கள் வரிசையிலிருந்து கன்னியப்பனும் வெளியே வந்துகொண்டிருந்தார். அவர் முகம் மதகில் தண்ணீர் அடைபட்ட மாதிரி இருந்தது.

"காப்பாத்திட்டியா?"

"ம்."

"சரி, வா. பசிக்கும் உனுக்கு."

எண்ணிக்கை உத்திரமேரூரில் நடந்தது. ஜெகன் ஜெயித்தான். சொற்ப வித்தியாசம்தான் என்றார்கள். சொற்பமோ அதிகமோ, பட்டாசு ஒரே மாதிரிதான் வெடித்தது. கீழ் மூலையில் ஆறுதான் இருந்ததாம். எட்டில் ராணியம்மாள் போக இன்னொன்று குறைந்தது யாரென்று ராஜாராம் தெருத்தெருவாகக் கேட்டான். கோவிந்தம்மாள் புது மூக்குத்தியோடு அவன் எதிரிலேயே நின்று, "எவளோ ஒரு துரோகி தம்பி, இந்தக் காலத்துல யாரத்தான் நம்பறது" என்று வருத்தப்பட்டாள்.

மறுநாள் டிராக்டர் வந்தது. வீராசாமியின் இன்னொரு கழனிக்கு வந்தது. ராணியம்மாளின் நிலத்து வரப்பை உரசிக்கொண்டு போய், திரும்பி, போய்விட்டது. ஓட்டிய பையன் அவளைப் பார்க்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டான்.

அன்று கன்னியப்பன் மதகிலேயே நின்றார். அவருடைய முறை வருகிற வரையில் தன் நிலத்துக்கு ஒரு சொட்டு திருப்பவில்லை. ராணியம்மாளும் கேட்கவில்லை. முறை வந்ததும் மடையை வெட்டிவிட்டார். கட்டியாகக் கிடந்த மண் தண்ணீரைக் குடித்து ஊறியது. ராணியம்மாளும் திவ்யாவும் வேப்பந்தழை, எருக்கு, பூவரசு என்று கிடைத்ததையெல்லாம் வெட்டிக்கொண்டுவந்து பரப்பினார்கள். சேற்றுப்புண்ணோடு இறங்கி மிதிக்க ஆரம்பித்தாள் ராணியம்மாள். ஒவ்வொரு மிதிக்கும் புண் திறந்து மூடியது. எருக்கம்பால் பட்ட இடம் தீயாய்க் காந்தியது. முப்பது சென்ட்டை மூன்று பேர் காலால் மிதித்துச் சேடையாக்குவது என்றால் நாற்று முத்திக் கதிரே வந்துவிடும். அது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் மிதித்தாள்.

வெயில் ஏறியபோது வரப்பில் சத்தம் கேட்டது. கோவிந்தம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பின்னால் கூட்டத்தில் மிச்சம் இருந்தவர்கள். எல்லாருக்கும் பின்னால், மெதுவாக, ஆண்டாளம்மாள்.

"தனியா மிதிச்சிக்கினு கீற? எங்கள இன்னா செத்துட்டாங்கன்னு நெனச்சியா?"

"போகக் கூடாதுன்னு சொல்லிக்கீறானே."

"சொன்னான். காது கேட்டுது. காலுக்குத்தான் கேக்கல."

இறங்கினார்கள். தழை சேற்றுக்குள் போனது. கன்னியப்பன் ஒரு பனைமரத் துண்டில் கயிற்றைக் கட்டி, தானே மாடாகி, சேறு சமமாகப் பரம்பு இழுத்தார். நெஞ்சு புடைத்து, கழுத்து நரம்பு தெறித்தது. கோவிந்தம்மாள், "ஹேய், ஹேய், வலது பக்கம் திரும்பு, அணைச்ச கைப் பக்கம்" என்று அவரை ஓட்டினாள். அவர் முதல் தடவையாகச் சிரித்தார்.

பைக் வந்து நின்றது. ராஜாராம். இன்றைக்கு வெள்ளை வேட்டி இல்லை, லுங்கிதான். தேர்தல் முடிந்துவிட்டதால் தம்பியாகவும் இல்லை.

"ஆண்டாளம்மா. நீ இங்க இன்னா பண்ற? மூக்குத்தி வாங்கினல்ல? ஆத்தா மேல சத்தியம் பண்ணல்ல?"

ஆண்டாளம்மாள் மிதிப்பதை நிறுத்தவில்லை. அவள் மூக்கில் அந்த மூக்குத்தி இருந்தது. அவள் சொன்ன சொல் தவறாதவள் என்பது அவனுக்கும் தெரியும்.

"பண்ணேன். நீ சொன்ன மூலையிலயே குத்திட்டும் வந்தேன். நான் ஓட்டுக்குத்தான் சத்தியம் பண்ணேன் ராஜாராமு. காலுக்குப் பண்ணல."

"அண்ணன் கேட்டா இன்னா சொல்லட்டும்?"

"அணைச்ச கை ஒரு தடவதான் அணைக்கும்னு சொல்லு. வேணுன்னா மறுபடி தட்டோட வா. இங்க எல்லாம் சேறு. எறங்கித்தான் வரணும்."

அவன் இறங்கவில்லை.

சாயங்காலத்துக்குள் நிலம் குழம்பு மாதிரி ஆயிற்று. மறுநாள் நாற்றுப் பறித்து, கொஞ்சம் முத்தியிருந்ததால் குத்துக்கு நாலுக்குப் பதில் ஆறாக வைத்து, நெருக்கி நட்டார்கள். நட்டுக்கொண்டிருக்கும்போது சாலையில் கல்பனாவின் ஸ்கூட்டி நின்றது. தோற்ற முகம் மாதிரி இல்லை. ஜெயித்திருந்தாலும் அப்படித்தான் இருந்திருக்கும். எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"திங்கக்கெழமை கலெக்டர் ஆபீஸ்ல ஏரி சம்பந்தமா மனு குடுக்கறேன். வர்றவங்க காலையில மொத பஸ்ஸுக்கு வந்துடணும். லேட்டா வந்தா நான் நிக்கமாட்டேன்."

போய்விட்டாள். கோவிந்தம்மாள் அவள் போன திசையைப் பார்த்து, "இவள எப்படிக்கா புடிச்ச நீ?" என்றாள்.

"புடிக்கலன்னு சொன்னேன்ல. மொத பஸ்ஸு எத்தினி மணிக்கி?"

கடைசி முடி நட்டுக் கரையேறியபோது ராணியம்மாளின் இடுப்பு அடியோடு விட்டுப்போயிருந்தது. வாய்க்காலில் உட்கார்ந்து காலைக் கழுவினாள். கூட்டத்தில் கையகலம் நிலம் உள்ளவர்களுக்கு அவள் மாத்தாள் நாளைத் திருப்பிவிடலாம். அவரவர் வரப்பு அவளுக்குத் தெரியும். ஆண்டாளம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, விரல் இடுக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"உனுக்கு நான் எங்க வந்து நடறது? உன்கிட்ட நெலமே இல்லையே. ரெண்டு நாள் கூலியா வாங்கிக்க."

"உன் கூலி யாருக்கு வேணும்? தையில என் கூரைய பிரிச்சிக் கட்டணும். அன்னிக்கி வந்து ஓலை எடுத்துக் குடு."

"வரேன்."

"கற்பூரம் வேணுமா?" என்று சீண்டினாள் ஆண்டாளம்மாள்.

"ச்சீ, போ."

கோவிந்தம்மாளுக்கும் மற்றவர்களுக்கும் திருப்ப வேண்டிய நாட்களை ஐப்பசிக்குள்ளேயே ராணியம்மாள் திருப்பிவிட்டாள். ஆண்டாளம்மாளுக்குக் கொடுக்க வேண்டிய இரண்டு நாள் கூரை வேலை இன்னும் பாக்கி.